ஆலிவ் பச்சை ஷிம்மர் நெயில் பாலிஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பச்சையை ஆலிவ் என்கிறோம்?

மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சையில் கொஞ்சம் கறுப்போ பழுப்போ சேர்ந்து மங்கினால் அது ஆலிவ். ஜவுளிக்கடையில் மெஹந்திப் பச்சை என்று எடுத்துப் போடும் புடவை இதற்குப் பக்கத்தில் வரும். பாசிப் பச்சையின் ஆழ்ந்த வகைகளும் சேரும். கிளிப் பச்சையும் பாட்டில் பச்சையும் சேராது. முன்னதில் மங்கல் இல்லை, பின்னதில் மஞ்சள் இல்லை.

சந்தேகம் வந்தால் பாட்டிலை ஒரு பச்சை இலையின் பக்கத்தில் வையுங்கள். ஆலிவ் என்றால் பழுப்பாகத் தெரியும். அதையே மரமேசை மீது வைத்தால் பச்சையாகத் தெரியும். இரண்டு இடத்திலும் பச்சையாகவே நின்றால் அது வேறு நிறம்.

இந்த நிறத்துக்கு அழகே அந்த மங்கல்தான். ஷிம்மரோ ஒளியைத் திருப்பி அடிப்பது. ஒன்று அடக்குகிறது, மற்றது தூக்குகிறது. தங்கத் துகள் கூடினால் நகம் தங்கமாகிவிடும். வெள்ளித் துகள் கூடினால் சாம்பல் பூத்துவிடும். ஆகவே இந்த வகை பாலிஷை மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அடிநிறம் ஆலிவாகவே நிற்கிறதா என்பதை. எவ்வளவு மின்னுகிறது என்பது அதற்குப் பிறகுதான்.

ஷிம்மர், ஃப்ராஸ்ட், மெட்டாலிக், கிளிட்டர், டூயோக்ரோம்: வேறுபாடு என்ன?

துகளின் அளவும் அடர்த்தியும்தான். ஷிம்மர் என்பது நிறமுள்ள அடியில் நுண்ணிய முத்துத் துகள்கள் தூவினாற்போல் இருப்பது. துகள்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது, ஆனால் ஒளி படும்போது உள்ளே ஏதோ அசைவது தெரியும். அதே துகள் மிக அடர்ந்து, அடிநிறத்தையே மூடி, வெள்ளிப் பளபளப்பும் பிரஷ் கோடுகளும் தெரிந்தால் ஃப்ராஸ்ட். உலோகத் தகடு போல ஒரே பரப்பாகப் பளிச்சிட்டால் மெட்டாலிக். துகளை விரல்விட்டு எண்ண முடிந்தால் கிளிட்டர். சாய்க்கச் சாய்க்க நிறமே மாறினால் டூயோக்ரோம்.

கடைகளில் இந்தப் பெயர்களை மாற்றி மாற்றி ஒட்டியிருப்பார்கள். பெயரை விட்டுவிட்டுப் பாட்டிலைப் பாருங்கள்.

பாட்டிலில் அப்படி மின்னியது, நகத்தில் காணவே காணோம். ஏன்?

அதிகம் வரும் புகார் இது. காரணங்கள் மூன்று. பாட்டிலுக்குள் துகள்கள் கண்ணாடிச் சுவரை ஒட்டித் தட்டையாகப் படிந்துகொள்ளும். ஒளி நேராக அவற்றில் பட்டுத் திரும்பும். நகத்தில் அதே துகள்கள் கோணல்மாணலாகப் புதைந்து கிடக்கும். அடுத்து, அடிநிறம் ஒளிபுகாத க்ரீம் போல இருந்தால் மேற்பரப்பில் இருக்கும் துகள் மட்டுமே தெரியும், மற்றவை மறைந்துபோகும். ஜெல்லி போல ஒளி ஊடுருவும் அடியில் ஆழத்தில் உள்ள துகளும் தெரியும். கடைசியாக, பாலிஷ் சரியாகக் கலக்கப்படாமல் ஷிம்மர் அடியிலேயே தங்கியிருக்கலாம்.

எஸ்ஸி நிறுவனத்தின் ஸ்யூ சைக்ட் என்ற பாலிஷ் இதற்கு நல்ல உதாரணம். சாம்பல் கலந்த சேஜ் பச்சை, ஆலிவுக்கு அண்டை வீடு. அதன் நுண்ணிய ஷிம்மர் பாட்டிலில் தெளிவாகத் தெரியும்; நகத்தில் வெயிலில் உற்றுப் பார்த்தால்தான் உண்டு. நிறமாகப் பிடித்தவர்களுக்கு அது நல்ல பாலிஷ். மினுமினுப்பை நம்பி வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்.

கடையில் சோதிக்க ஒரு வழி: பாட்டிலைச் சாய்த்து, கண்ணாடியில் ஒட்டி வழியும் மெல்லிய படலத்தைப் பாருங்கள். நகத்தில் வரப்போவது கிட்டத்தட்ட அந்தப் படலம்தான். நடுப்பாட்டிலின் அடர்நிறத்தை நம்ப வேண்டாம்.

வாங்கும் முன் லேபிளைப் பார்த்து ஏதாவது கணிக்க முடியுமா?

நிறையவே முடியும். மூலப்பொருள் பட்டியலின் கடைசியில் சிஐ (கலர் இண்டெக்ஸ்) என்று தொடங்கும் ஐந்திலக்க எண்கள் நிறமிகளைக் குறிக்கும்.

சிஐ 77019 மைக்கா, அதாவது அபிரகம். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு. இவை இரண்டும் சேர்ந்ததுதான் பெரும்பாலான ஷிம்மர். மைக்கா செதில் மீது டைட்டானியம் டை ஆக்சைடு பூசப்பட்டிருக்கும், அந்தப் பூச்சின் தடிமனைப் பொறுத்து திரும்பும் நிறம் வெள்ளியிலிருந்து தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும். 77491, 77492, 77499 ஆகியவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். ஆலிவின் மங்கல் பெரும்பாலும் இவற்றிலிருந்து வருகிறது. 77288 குரோமியம் ஆக்சைடு பச்சை. தனியாகவே ஏறக்குறைய ஆலிவ் சாயல் கொண்ட நிறமி அது. 77510 ஃபெர்ரிக் ஃபெர்ரோசயனைடு என்னும் கருநீலம், 19140 மஞ்சள் சாயம். இந்த இரண்டும் இருந்து 77288 இல்லையென்றால் பச்சை கலந்து உருவாக்கப்பட்டது என்று பொருள். 77266 கார்பன் கறுப்பு. 77000 அலுமினியத் தூள், 77400 வெண்கல அல்லது செம்புத் தூள். இவை இருந்தால் மெட்டாலிக் பக்கம் சாயும்.

ஒரு எச்சரிக்கை: கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் எண்கள் அந்த வரிசையின் எல்லா நிறங்களுக்கும் பொதுவாக அச்சிடப்பட்டவை. அப்படிப்பட்ட லேபிளை வைத்து ஒற்றை நிறத்தைக் கணிக்க முடியாது.

இரண்டு பாலிஷை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒப்பீடுகள் கெட்டுப்போவது நிறத்தால் அல்ல, செய்முறையால். ஒன்றை இரண்டு பூச்சும் மற்றொன்றை மூன்று பூச்சும் போட்டுவிட்டு எது அழகு என்று கேட்பதில் பயனில்லை.

முதலில் இரண்டு பாட்டிலையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அரை நிமிடம் உருட்டுங்கள். ஷிம்மர் கனமானது, அடியில் தங்கும். பாட்டிலைத் தலைகீழாக்கி அடியில் வேறு நிறப் படிவு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இன்னும் உருட்டுங்கள். அதன் பின் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் குமிழிகள் மேலேறிவிடும்.

கைநகத்தில் சோதிப்பதென்றால் ஒரே கையில், பக்கத்துப் பக்கத்து விரல்களில், ஒரே பேஸ் கோட் (நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு) மீது போடுங்கள். பிளாஸ்டிக் சாம்பிள் நகங்களில் போட்டால் பின்புறம் வெள்ளைத் தாள் வையுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, மூன்று நிமிட இடைவெளி, இரண்டாவது பூச்சு. இரண்டு பூச்சோடு நிறுத்தி ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் மட்டும் மூன்றாவது.

மறைப்புத் திறனை அளக்கக் கண்ணை நம்பாதீர்கள். ஒளி ஊடுருவும் சாம்பிள் நகத்தின் அடியில் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே பூசுங்கள். எத்தனையாவது பூச்சில் கோடு மறைகிறதோ அதுதான் விடை. ஷிம்மர் பாலிஷ்களில் இந்தச் சோதனை மிகவும் உதவும், ஏனென்றால் மினுமினுப்பு கண்ணை ஏமாற்றி, மூடாத இடத்தையும் மூடியதுபோலக் காட்டும்.

நீடிப்பைச் சோதிக்க ஒரு பாலிஷை வலக்கையிலும் மற்றதை இடக்கையிலும் போடாதீர்கள். அதிகம் வேலை செய்யும் கையில் எது இருந்தாலும் முதலில் உதிரும். ஒரே கையில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டு, அடுத்த வாரம் விரல்களை மாற்றிப் போட்டு, நுனி எந்த நாளில் தேய்கிறது என்று பாருங்கள்.

எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்?

மூன்றிலும். ஜன்னலோரத்து நிழல் வெளிச்சம் உண்மையான அடிநிறத்தைக் காட்டும். நேர்வெயில், அல்லது மொபைல் டார்ச் போன்ற ஒற்றைப்புள்ளி வெளிச்சம், ஷிம்மரை எழுப்பும். இரவு வீட்டில் எரியும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஆலிவைப் பழுப்பாக்கும்.

அந்த மூன்றாவதை யாரும் சோதிப்பதில்லை. ஆனால் பாலிஷைப் பெரும்பாலும் பார்க்கப்போவது மாலை நேரத்து வீட்டு விளக்கில்தான். பகலில் இரட்டைப் பிறவிகள் போல இருந்த இரண்டு ஆலிவ்கள் மஞ்சள் விளக்கில் ஒன்று பச்சையாகவும் ஒன்று காக்கியாகவும் பிரிந்துபோவது வழக்கம். குரோமியம் ஆக்சைடால் வந்த பச்சையும், நீலமும் மஞ்சளும் கலந்து வந்த பச்சையும் ஒளியை வெவ்வேறு விதமாகத் திருப்புவதே காரணம். எந்த ஒப்பீட்டிலும் எந்த வெளிச்சம் என்று எழுதவில்லையென்றால் அதைப் பாதி விடை என்றே கொள்ளுங்கள்.

பெயர்பெற்ற சில பாட்டில்களை ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த நிறக் குடும்பத்தில் அதிகம் பேசப்பட்டது ஷனேலின் பெரிடோ. 2011 இலையுதிர்கால வெளியீடு. தங்கமும் பச்சையும் மாறி மாறித் தெரியும் டூயோக்ரோம். நேராகப் பார்த்தால் தங்கம் மேலோங்கும், சாய்த்தால் பச்சை ஏறும். அழகில் குறையில்லை, ஆனால் கண்டிப்பாகச் சொன்னால் அது ஆலிவின் எல்லையில் நிற்கிறது, தங்கம் கூடுதல். துகள் அடர்ந்திருப்பதால் பிரஷ் கோடு தெரியும்.

அடுத்த ஆண்டு, 2012இல், ஓபிஐ தன் ஸ்பைடர்மேன் வரிசையில் ஜஸ்ட் ஸ்பாட்டட் தி லிசர்ட் என்பதைக் கொண்டுவந்தது. பெரிடோவின் டூப், அதாவது அதே போன்ற மலிவான மாற்று, என்று உடனே பெயர் வாங்கியது. அதே தங்கப்பச்சை மாற்றம், அப்போது விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பாட்டிலும் பெரியது: ஷனேல் 13 மில்லி, ஓபிஐ 15 மில்லி. நிறத்துக்காக மட்டும் வாங்கியவர் ஷனேலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமே இருக்கவில்லை.

சோயா நிறுவனத்தின் யாரா, பெயருக்கேற்ற ஆலிவ் ஷிம்மர் எது என்று கேட்டால் நாங்கள் கைகாட்டுவது. மங்கிய பழம்பச்சை அடி, அதற்குள் அடங்கிய தங்கத் துகள். நிழலில் ஆலிவாகவே நிற்கிறது, வெயிலில் மட்டும் தங்கம் விழிக்கிறது. மேலே சொன்ன சமநிலை இதில் கிடைக்கிறது. பட்டர் லண்டன் நிறுவனத்தின் வாலிஸ் எதிர்முனை: ஆலிவ் சாயல் கொண்ட பழைய தங்கம், முழு மெட்டாலிக். பாட்டில் 11 மில்லிதான், ஆகவே விலையை மில்லிக்கு வகுத்துப் பாருங்கள்.

ஷிம்மரே இல்லாத ஆலிவ் எப்படி இருக்கும் என்று அறிய ஓபிஐயின் 2011 டூரிங் அமெரிக்கா வரிசையில் வந்த அ-ஓ ரோல் டவுன் தி விண்டோ நல்ல அளவுகோல். அது வெறும் க்ரீம். அதன் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் மற்றவற்றில் துகள் எவ்வளவு தூரம் நிறத்தை இழுத்துப்போயிருக்கிறது என்று விளங்கும்.

டூப் என்பதை எப்படி உறுதி செய்வது?

ஒரே நகத்தில் நடுவே மெல்லிய ஸ்டிக்கர் டேப் ஒட்டி, இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று பூசுங்கள். அடிநிறம், துகள் நிறம், துகள் அளவு, மாறும் நிறம் என நான்கையும் மூன்று வெளிச்சத்திலும் பாருங்கள். நான்கும் பொருந்தினால் டூப். அடிநிறம் மட்டும் பொருந்தினால் உறவுக்காரர் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் ஆலிவ் பொருந்துமா?

மிக நன்றாகப் பொருந்தும். தங்க அல்லது வெண்கலத் துகள் உள்ள, மஞ்சள் சாய்ந்த ஆலிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளித் துகள் உள்ள சாம்பல் ஆலிவ் பழுப்புத் தோலில் விரலை வெளிறச் செய்துவிடலாம். சிவந்த தோல் உள்ளவர்களுக்குச் சிக்கல் வேறு: பச்சை, சிவப்பின் எதிர்நிறம் என்பதால் விரலின் சிவப்பை எடுத்துக்காட்டும். அவர்களுக்குப் பழுப்பு கூடிய ஆலிவ் நல்லது.

பாட்டிலை முழங்கையிலோ மணிக்கட்டிலோ வைத்துப் பார்க்காதீர்கள். விரல் கணுவில் வையுங்கள். பலருக்கு அங்கே தோல் ஒரு படி கறுத்திருக்கும், நகத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

பிரஷ் கோடுகள் தெரியாமல் பூசுவது எப்படி?

செதில் போன்ற துகள்கள் பிரஷ் போன திசையில் படுத்துக்கொள்ளும். அதனால்தான் கோடு. க்ரீம் பாலிஷில் இதே தவறு தெரியாது, ஷிம்மரில் தெரியும்.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் கழுத்தில் வழித்துவிட்டு, மறுபக்க நுனியில் ஒரு துளி மட்டும் வையுங்கள். நகத்தின் அடியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி அந்தத் துளியை வைத்து, நடுவில் நேராக நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. முதல் பூச்சு திட்டுத்திட்டாக இருந்தால் கவலை வேண்டாம், திரும்பத் திரும்பத் தேய்ப்பதுதான் அதைக் கெடுக்கும். பாதி காய்ந்த படலத்தில் பிரஷ் பட்டால் அது உரிந்து பள்ளம் விழும்.

கடைசிப் பூச்சில் துளி கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். பிரஷ் மயிர் நகத்தைத் தொடாமல், பாலிஷ் மட்டும் தொடும்படி மிதக்கவிடுங்கள். கோடுகள் தானாகச் சமனாகும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து போடாதீர்கள். பாலிஷின் மேற்படலம் சீக்கிரம் காய்ந்து, சமனாக நேரம் கிடைக்காது.

டாப் கோட் ஷிம்மரைக் குறைக்குமா?

பளபளப்பான டாப் கோட் (கடைசியில் மேலே போடும் தெளிந்த பூச்சு) குறைக்காது, கூட்டும். மேற்பரப்பு வழவழப்பாவதால் ஒளி சிதறாமல் உள்ளே போய்த் துகளில் பட்டு வருகிறது. மேட் டாப் கோட் வேறு கதை. அதிலுள்ள சிலிக்கா ஒளியைச் சிதறடிக்கும், ஷிம்மர் மெல்லிய ஒளிர்வாகச் சுருங்கும். ஆலிவில் இது வெல்வெட் துணி போல வரும். ஒரு விரலில் போட்டுப் பாருங்கள்; சுமாரான ஃப்ராஸ்ட் பாட்டில் ஒன்று வீட்டில் கிடந்தால் அதைக் காப்பாற்ற இதுவே வழி.

விரைவாகக் காயவைக்கும் டாப் கோட் சில சமயம் படலத்தை இழுத்து, நுனியில் வெறும் நகத்தைக் காட்டிவிடும். நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்துப் பூசினால் பெரும்பாலும் தப்பலாம். தொட்டால் காய்ந்தது போலத் தோன்றினாலும் அடிப்படலம் முழுதும் இறுகச் சில மணி நேரம் ஆகும். படுக்கப் போகும் முன் போட்டால் போர்வைத் தடம் விழும்.

பச்சை பாலிஷ் நகத்தில் கறை விடுகிறதே?

நீல நிறமியும் மஞ்சள் சாயமும் கலந்த பச்சைகளில்தான் இது அதிகம். பேஸ் கோட் இரண்டு முறை போட்டு, முதலாவது நன்றாகக் காய்ந்த பின் இரண்டாவது போடுங்கள். ஏற்கெனவே கறை பட்டுவிட்டால் நகத்தைச் சுரண்டாதீர்கள். மேல்படலத்தில் மட்டும் நிற்கும் கறை, நகம் வளர வளரப் போய்விடும்.

சாப்பிடும்போது மஞ்சள் கறை படியுமா?

படியும். குழம்பிலுள்ள மஞ்சள் தூள் தெளிந்த டாப் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். வெளிர் நிறங்களில் உடனே தெரியும். ஆலிவில் மஞ்சள் ஏற்கெனவே இருப்பதால் பெரிதாகத் தெரியாது, ஆனால் சாம்பல் ஆலிவ் ஒன்றிரண்டு நாளில் இளம்பச்சைப் பக்கம் நகர்ந்தது போலத் தோன்றும். மேலே புதிதாக ஒரு டாப் கோட் போடுவதற்கு முன், எண்ணெய்ப் பசை போகச் சோப்பால் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் புதுப் பூச்சு ஒட்டாமல் உரியும்.

பாலிஷ் கெட்டியாகிவிட்டது. ரிமூவர் ஊற்றலாமா?

வேண்டாம். ரிமூவரிலுள்ள தண்ணீரும் எண்ணெயும் பாலிஷைத் திரிய வைக்கும். எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் கொண்ட நெயில் பாலிஷ் தின்னரில் இரண்டு மூன்று துளி விட்டு, உருட்டி, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் ஒரு துளி. அதிகம் விட்டால் ஷிம்மரைத் தாங்கிப் பிடிக்கும் களிமண் பொருள் நீர்த்து, துகள் எல்லாம் அடியில் இறங்கிவிடும்.

வெண்கலத் தூள் உள்ள பழைய பாட்டில்கள் ஜெல்லி போல உறைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த உலோகம், பாலிஷில் படலத்தை உருவாக்கும் நைட்ரோசெல்லுலோஸுடன் வினைபுரிந்த விளைவு அது, தின்னரால் திரும்பாது.

பாட்டிலை ஜன்னலோரத்தில் அடுக்கி வைப்பதையும் தவிருங்கள். வெயிலில் நைட்ரோசெல்லுலோஸ் மஞ்சளாகும், ஆலிவின் சாயல் மாறும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்பருகேயும் விளக்கருகேயும் வைக்கக் கூடாது.

3-ஃப்ரீ, 5-ஃப்ரீ என்பது என்ன?

3-ஃப்ரீ என்றால் டைபியூட்டில் தாலேட், டொலுவீன், ஃபார்மால்டிஹைடு மூன்றும் இல்லை. 5-ஃப்ரீயில் அவற்றோடு பொதுவாகக் கற்பூரமும் ஃபார்மால்டிஹைடு ரெசினும் இல்லை. அதற்கு மேல் 10, 16 என்று போகும் எண்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது. எந்தப் பாலிஷானாலும் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

ஷிம்மரிலுள்ள மைக்கா எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டும். இயற்கை மைக்கா அதிகம் தோண்டப்படும் இடங்களில் ஒன்று ஜார்க்கண்ட், பீகார் எல்லையிலுள்ள கோடர்மா, கிரிடி வட்டாரம். அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் செதில் பொறுக்குவது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. சுரங்கம் சரிந்து உயிர் போன சம்பவங்களும் உண்டு. இதை மாற்ற 2017இல் ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பு பாரிஸில் தொடங்கப்பட்டது.

லேபிளில் சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட் என்று இருந்தால் அது ஆலையில் செய்த மைக்கா. இயற்கை மைக்காவில் இருக்கும் இரும்பின் மஞ்சள் சாயல் அதில் இல்லாததால் மினுமினுப்பு இன்னும் தெளிவாக இருக்கும். இரண்டு ஆலிவ்களுக்கு நடுவே தயங்கினால் இதையும் தராசில் வையுங்கள். இயற்கை மைக்கா என்றால், எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

படம் எடுத்தால் ஆலிவ் பழுப்பாக வருகிறது. என்ன செய்வது?

மொபைல் கேமரா வெள்ளையைத் தானாகத் திருத்தும்போது மஞ்சளைத் தின்றுவிடும் அல்லது கூட்டிவிடும். கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நிழல் வெளிச்சத்தில், தாள் வெள்ளையாகத் தெரியும்படி சரிசெய்து எடுங்கள். ஷிம்மருக்குத் தனியே ஒரு படம் வேண்டும்: டார்ச் வெளிச்சத்தில், வேண்டுமென்றே ஃபோகஸை விலக்கி எடுத்தால் துகள்கள் ஒளிப்புள்ளிகளாக விரிந்து, அவற்றின் நிறம் தங்கமா, பச்சையா, செம்பா என்று தெளிவாகத் தெரியும்.

கழற்றுவது கஷ்டமா?

கிளிட்டர் அளவுக்கு இல்லை. பஞ்சில் அசிட்டோன் நனைத்து நகத்தின் மீது பத்து நொடி அழுத்திப் பிடித்து, நுனிப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்தெடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பச்சைத் துகள் நகக்கண்ணில் போய் உட்காரும். தொடங்கும் முன் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் தேங்காய் எண்ணெய் ஒரு பொட்டுத் தடவிக்கொண்டால் துகள் அங்கே ஒட்டாது. எண்ணெய் நகத்தின் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.